பார்க்க என்றால்

விசிட். இதுதான் சொல். வாயைத் திறந்தால் இது ஒன்றுதான் வர வேண்டும். ஸ்டே வேண்டாம். லிவ் வேண்டவே வேண்டாம். செட்டில் என்கிற சனியனை நாக்கு நுனியில்கூட வைக்கக் கூடாது. கலியபெருமாள் விசா ஆபீஸ் கூடத்தில் இரும்பு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, அந்த ஒரு சொல்லைப் புளியங்கொட்டை மாதிரி வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தார். சப்பச் சப்ப அது சொல்லாக இல்லாமல் போயிற்று. விசிட்டு. விசிட்டு. விசிறி. விசுக்கென்று கழன்றுவிடும் போல இருந்தது. எதிரே வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒவ்வோர் ஆள். இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நம் ஜனம். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில்கூட இவ்வளவு சிரிக்க மாட்டார்கள், ஜன்னல் முன்னால் அப்படிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வரும்போது சிரிக்கவில்லை. ஏசி முழங்காலுக்குள் இறங்கியது. நேற்றுக் காலையில் மகள் இளவரசி அங்கேயிருந்து போனில் பாடம் எடுத்தாள். அப்பா, எதுக்கு வர்றீங்கன்னு கேட்டா? விசிட். தமிழ்ல கேட்டா? பார்க்க. அங்க போயி என்ன செய்வீங்கன்னு கேட்டா? உங்கம்மாவைப் பாத்துக்குவேன். ஐயோ அப்பா, கெடுத்தீங்க போங்க, பாத்துக்குவேன்னு சொல்லாதீங்க. ஏன், பாத்துக்கத்தானே வரேன். பாத்துக்கறதுன்னா லுக் ஆஃப்டர்ப்பா, டேக் கேர், அது வேலையில சேந்துடும், வேலை பார்க்க வர்றார்னு எழுதிடுவாங்க, பார்க்கன்னு மட்டும் சொல்லுங்க, அது சீ. பாக்குறதுக்கும் பாத்துக்கறதுக்கும் என்னாடி வித்தியாசம்? நமக்கு இல்லப்பா, அவங்களுக்கு இருக்கு.

அவர்களுக்கு இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு 'பார்'ரை வைத்துக்கொண்டு அறுபத்தெட்டு வயசுவரை ஓட்டியாயிற்று. விழுப்புரத்தில் பெண் பார்த்தார். அது சீயா, லுக்கா? தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டு காப்பித் தட்டோடு வந்து நின்றாள், இவர் பார்த்தது அவள் கால் கட்டைவிரலை, அவள் பார்த்தது காப்பியை. அதற்குப் பெயர் பெண் பார்த்தது. அப்புறம் ரயில்வேயில் வேலை பார்த்தார். பகல் பார்க்கவில்லை, ராத்திரி பார்க்கவில்லை. அவர் வேலை பார்த்த காலத்தில் வீட்டைப் பார்த்தவள் அவள், பிள்ளையைப் பார்த்தவள் அவள், அவருடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது மூத்திரத் துணி அலசிப் பார்த்தவளும் அவள்தான். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க இதே ஆபீசுக்கு இதே கூடத்துக்கு அவள் வந்தாள். இவர் வெளியே வெயிலில் நின்றார். போனவள் போன சுருக்கில் திரும்பி வந்தாள். என்னா கேட்டான்? எதுக்குப் போறேன்னான், மகளைப் பார்க்கன்னேன். அவ்வளவுதானா? அவ்வளவுதான், போலாமுன்னுட்டான். அவள் பொய் சொல்லவில்லை. பார்க்கத்தான் போனாள். பேறுகாலம் பார்க்க, பிள்ளைக்குக் குளிப்பாட்டிப் பார்க்க, மாப்பிள்ளைக்கு ரசம் வைத்துப் பார்க்க. எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் கப்பென்று அடங்கிப்போயிற்று. மொழிபெயர்த்தவன் எதை எடுத்துப் போட்டானோ, சீயைத்தான் போட்டிருப்பான். அவளுக்குச் சொல்லில் அதிர்ஷ்டம். இவருக்குக் கிடையாது. பேசினால் வினை, பேசாவிட்டால் திமிர் பிடித்தவன் என்பார்கள்.

போன தடவை பேசினார். அதுதான் வினை. தமிழா, இங்கிலீஷா என்று ஜன்னலில் கேட்டார்கள். ரயில் ஓட்டினவனுக்கு இங்கிலீஷ் தெரியாதா? இங்கிலீஷ் என்றார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் தண்டவாளத்து இங்கிலீஷ். இரட்டை மஞ்சள் விழுந்தால் அட்டென்ஷன், ஒற்றை மஞ்சள் காஷன், சிவப்பு ஸ்டாப், பச்சை புரொசீட். பார்த்ததும் உரக்கச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கிற அசிஸ்டெண்ட் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு விளக்குக்கு ஒரு சொல். அந்த இங்கிலீஷில் யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது. புரிந்துகொண்டால் வண்டி கவிழும். ஜன்னலில் இருந்தவன் சின்னப் பையன், செம்பட்டை தாடி. மகள் என்ன செய்கிறாள்? டாட்டர் செட்டில் சார். மனைவி? ஒய்ஃப் தேர் சார், பாடி நாட் வெல். அப்படியானால் உங்கள் திட்டம்? மனசுக்குள் தமிழ் சரியாகத்தான் இருந்தது, அவ உடம்பு செட்டில் ஆனதும் வந்துடுவேன். வாயில் வந்தது ஆஃப்டர் செட்டில், ஐ கம். செம்பட்டை தாடி நிமிர்ந்தான். யூ வில் கம் டு செட்டில்? எஸ் சார் என்றார் இவர், தலையை வேறு ஆட்டினார், செட்டில், செட்டில். தலையை ஆட்டாமலாவது இருந்திருக்கலாம். வெளியே வந்து போனில் சொன்னபோது இளவரசி அழுதுவிட்டாள். அப்பா, அவங்க ஊர்ல செட்டில்னா குடியேறதுப்பா. குடியேறுகிறதா? நம் ஊரில் பையன் செட்டில் ஆயிட்டானா என்று கேட்காத வாய் உண்டா? சாப்பிட்டது வயிற்றில் செட்டில் ஆகவில்லை என்கிறோம், கடைக்காரன் கணக்கை செட்டில் பண்ணச் சொல்கிறான், மழைபெய்து புழுதி செட்டில் ஆகிறது. இவன்கள் சொல்லை இரவல் வாங்கி நாம் இத்தனை வீட்டில் குடிவைத்திருக்கிறோம், அவன் ஒரு வீட்டை மட்டும் காட்டி, அதுக்குள்ளதானே வரப்போறே என்கிறான். அந்த எஸ் சார் சொல்லி ஒரு மழைக்காலம் போயிற்று. அந்த மழைக்காலத்தில் தையலுக்கு இரண்டாவது தடவை மூளையில் ரத்தம் அடைத்தது. முதல் தடவைக்கு, பேறுகாலம் பார்க்கப் போன இடத்திலேயே, வலது கை, வலது கால். இரண்டாவதற்குப் பேச்சு. விமானத்தில் ஏற்றக் கூடாது என்றுவிட்டார்கள். அவள் இங்கே வர முடியாது. இவர் அங்கே போக முடியவில்லை. ஒரு எஸ். ஒரே ஒரு எஸ்.

"அண்ணாச்சி, தண்ணி குடிக்கேளா? அந்தா மூலையில குழாய் இருக்கு." பக்கத்து நாற்காலிக்காரர். ஞானமுத்து என்று உட்கார்ந்த உடனேயே சொல்லியிருந்தார், பாளையங்கோட்டை, மகன் வீட்டுக்கு மூணாவது தடவை. இவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். ஞானமுத்து அதைப் பேச அழைத்ததாக எடுத்துக்கொண்டார். "பயப்படாதீக. இவுக வார்த்தையைத்தான் பிடிப்பாக, ஆளைப் பிடிக்க மாட்டாக. நான் போன ரெண்டு தடவையும் ஒரே வார்த்தை, விசிட்டு. இப்பம் அதுகூட பழசு. சைட் சீயிங்னு போட்டுறணும். கேட்டா, சுத்திப் பாக்க வாரேன், அவ்வளவுதான். மகன் வீட்டுல இருக்கப் போறேன்னு சொன்னீகன்னு வைங்க, இருக்கதுன்னா என்ன, ஸ்டேயா லிவ்வான்னு நோண்டுவாம். ஸ்டேன்னா சத்திரம், லிவ்வுன்னா வீடு. வெளங்குதா?" "ம்." "நீங்க எதுக்குப் போறீக?" "பார்க்க." "யாரை?" "சம்சாரத்தை." "அங்கயா இருக்காக? அப்பம் நீங்க இங்க, அவுக அங்க. சரித்தான். என் சம்சாரமும் அங்கன போனா திரும்பி வரமாட்டேங்கா அண்ணாச்சி, மருமகளை ரெண்டு ஏச்சு ஏசினாத்தான் அவளுக்குச் சோறு இறங்கும்." சிரித்தார். வெற்றிலைக் கறைப் பல். கலியபெருமாளுக்கு அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. இருக்கிறதுக்கு இரண்டு அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். ஸ்டேன்னா சத்திரம். தையலு இப்போது அங்கே ஸ்டேயா லிவ்வா? ஜன்னலோரம் ஒரு கட்டில், தலைப்பக்கம் தூக்கி இறக்குகிற கட்டில், அதில் ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, அம்மா இதோ அப்பா பாரு என்கிறாள் இளவரசி. தையலு பார்க்கிறாள். அவரைப் பார்க்கவில்லை, அவருக்கு ரெண்டு விரல்கடை பக்கத்தில் எதையோ பார்க்கிறாள். கேமரா வேறே இடத்துல இருக்குப்பா, அம்மா உங்களைத்தான் பாக்குறாங்க. அப்படியா. இவர் அந்த ரெண்டு விரல்கடைக்குத் தன் முகத்தை நகர்த்தினார். நகர்த்தினால் அவள் கண் இன்னும் ரெண்டு விரல்கடை தள்ளிப்போயிற்று. பார்க்கிறதுக்கு நடுவில் எவனோ ஒரு கண்ணாடியை வைத்துவிட்டான், இங்கேயும் அதே கண்ணாடி, ஜன்னல் ஜன்னலாக.

ஞானமுத்துவின் எண் திரையில் வந்தது. சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டு, "வாரேன் அண்ணாச்சி, முடிச்சிட்டு வந்து சொல்லுதேன்" என்று எழுந்து போனார். கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிறவர் நடை. கலியபெருமாள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலில் நடுவயசு வெள்ளைக்காரி, நரைத்த கூந்தலைக் கத்தரித்து விட்டிருந்தாள், பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், நம் பெண், இளவரசி வயசு இருக்கும். இந்தப் பெண்தான் எனக்கும் வருவாளோ. நல்ல பெண்ணா? சொல்லை அளந்து போடுகிறவளா, அள்ளிப் போடுகிறவளா? பார்க்க என்றால் சீ என்பாளா, வீட்டு ஞாபகத்தில் லுக் ஆஃப்டர் என்று நீட்டி முழக்கிவிடுவாளா? இன்றைக்குத் தமிழ் என்றுதான் சொல்லியிருக்கிறார். தமிழ் என்றதும் முதலில் நிம்மதியாக இருந்தது, அப்புறம்தான் பகீரென்றது. தன் வாயில் தப்பினாலும் அடுத்தவள் வாயில் மாட்டிக்கொள்ள வேண்டும். வண்டியில் அசிஸ்டெண்ட் திருப்பிச் சொல்வான், சொன்னது சரியா என்று இவர் காதுக்கே தெரியும். இவள் திருப்பிச் சொல்வது வேறு மொழி. கவனமாகக் கேட்க வேண்டும். சீ என்று விழுகிறதா பார்க்க வேண்டும். கேட்பதையும் பார்க்கணும் என்கிறோம் பாரு. வயிற்றில் காலையில் போட்ட இட்லி அசையவில்லை. செட்டில் ஆகவில்லை. சீ, அந்தச் சொல் வேண்டாம் என்றால் அதுதான் வந்து நிற்கிறது. இந்த சீ வேறு சீ.

கேர் என்றால் என்ன, கியூர் என்றால் என்ன. இதை நினைக்கக் கூடாது என்று காலையில் ரயிலில் வரும்போதே முடிவு பண்ணியிருந்தார். கியூர் தெரியும், ரயில்வே ஆஸ்பத்திரியில் கியூர் ஆயிடுச்சு, டூட்டிக்குப் போ என்பார்கள். கேரும் தெரியும், டேக் கேர் என்று ஊரே சொல்கிறது. போன வாரம் இளவரசி போனில், ரொம்ப மெதுவாக, பிள்ளையைத் தூங்க வைக்கிற குரலில் சொன்னாள். அப்பா, டாக்டர் பேசினாருப்பா, இனிமே கியூர்னு ஒண்ணும் இல்லையாம்ப்பா, கேர் மட்டும்தானாம், கம்ஃபர்டபிளா வச்சிருப்பாங்களாம். இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுந்தது. ஒரு இழுப்புத்தான் வித்தியாசம். கம்ஃபர்டபிள் என்றால் சௌகரியம், சௌகரியமாத்தானே இருக்கா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. ஹலோ, ஹலோ, சத்தம் கேக்கல, டவர் இல்ல, அப்புறம் பேசு என்று அணைத்துவிட்டார். டவர் இருந்தது. நாலு கோடும் நிமிர்ந்து நின்றது. அப்புறம் அவள் அதைத் திரும்பச் சொல்லவில்லை, இவர் கேட்கவும் இல்லை. சொல்லாததால் அது இல்லாமல் போய்விடுமா? போய்விடும் என்று ஒரு மூலையில் இருந்தது. அந்தக் காலத்தில் தந்தி வரும், மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி. எல்லாருக்கும் தெரியும், சீரியஸ் என்றால் போயாச்சு என்று. ஆனாலும் சீரியஸ் என்றுதான் அடிப்பார்கள். வழியெல்லாம் அழாமல் வந்து சேரட்டும் என்று ஒரு சொல்லை ஜமுக்காளம் மாதிரி மேலே போர்த்தி அனுப்புவார்கள். லீவு கேட்கிற களவாணிகளும் அதே தந்திதான் கொடுத்தான்கள், ஒருத்தன் ஒரே அம்மாவை மூணு தடவை சீரியஸ் ஆக்கினான். இவருக்கும் வந்தது, உண்மையான தந்தி. இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டு டூட்டியை ஒப்படைத்துவிட்டு ஓடினார். தெருமுனையில் பந்தல் தெரிகிறவரை சீரியஸ் என்பது சீரியஸாகத்தான் இருந்தது. அம்மாவும் உயிரோடுதான் இருந்தாள், தெருமுனைவரை. அந்தச் சொல்லையும் இளவரசி தடுத்திருக்கிறாள். அம்மா சீரியஸ்னு நீங்களா சொல்லாதீங்கப்பா, சீரியஸ்னா நீங்க திரும்ப மாட்டீங்கன்னு நினைச்சுடுவாங்க. எதைத்தான் சொல்வது. எல்லாச் சொல்லையும் ஒவ்வொன்றாக எடுத்து அப்பால் வைத்துவிட்டாள். மிச்சம் ஒரு விசிட்டு. கட்டின பெண்டாட்டியை விசிட் பண்ணுவதாம். பெரிய மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் பழத்தட்டோடு போகிறானே, அது விசிட். கட்டிலில் கிடப்பவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகத்தை வெட்டிவிடுவதற்கு என்ன சொல்? அதற்குச் சொல் இருக்காது, இருந்தாலும் தடை பண்ணியிருப்பார்கள்.

ஞானமுத்து திரும்பி வந்தார். பாஸ்போர்ட் கையில், அதற்குமேல் ஒரு வெள்ளைச் சீட்டு. நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன ஆச்சு?" கலியபெருமாளே கேட்டார். "இல்லன்னுட்டா அண்ணாச்சி." "ஏன்?" "எல்லாம் சரியாத்தான் சொன்னேன். சைட் சீயிங்னேன். என்ன சைட்டுன்னு கேட்டுட்டா." "ம்." "ஒரு எடம் பேரு வரல பாத்துக்கிடுங்க. ரெண்டு தடவை போயிருக்கேன், மகன் வீட்டு மாடிப்படியும் ஒரு காய்கறிக்கடையும்தான் தெரியும். காய்கறிக்கடைன்னேன். அந்தப் பிள்ளை அதை இங்கிலீஷ்ல சொல்லுது, எனக்கே வெட்கமா போச்சு." வெற்றிலைப் பல் இப்போது தெரியவில்லை. "பேசாம பேரனைப் பாக்கணும்னு சொல்லியிருக்கலாம். வார்த்தை நல்லா இருக்கேன்னு போனேன்." பையை எடுத்துக்கொண்டு, ஒரு வணக்கம்கூட இல்லாமல், கதவுப் பக்கம் போனார். சரியான சொல்லை வைத்திருந்தவன் கதி இது. கலியபெருமாளின் வாயில் இருந்த விசிட்டும் அந்த நேரத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது. குனிந்து தேட வேண்டும் போல இருந்தது. திரையையே பார்த்தார். சிக்னலுக்கு வெளியே வண்டியை நிறுத்திப் போட்டுக் காத்திருக்கிற மாதிரி. ஸ்டேஷன் விளக்கு தெரிகிறது, காப்பிக்காரன் சத்தம் கேட்கிறது, உள்ளே போக விடமாட்டான். ஹாரன் அடித்தால் மட்டும் பச்சை விழுந்துவிடுமா? விழாது, ஆனால் அடிக்காமல் இருக்க முடியாது. அடித்துத் தொலைத்தால் பின்னால் தூங்குகிற சனம் திட்டும். அவர் தொண்டையைக் கனைத்தார். பக்கத்தில் யாரோ திரும்பினார்கள். திரையில் அவருடைய எண். அந்த வெள்ளைக்காரியின் ஜன்னலேதான்.

நடந்தார். கண்ணாடிக்குக் கீழே சந்தில் பாஸ்போர்ட்டைத் தள்ளினார். "வணக்கம் ஐயா, தமிழ்லயே பேசலாம்" என்றாள் கண்ணாடி போட்ட பெண், குரல் மைக் வழியாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "எதுக்காகப் போறீங்க?" "பார்க்க." "யாரைப் பார்க்க?" "சம்சாரத்தை. மக வீட்டுல இருக்கா." பெண் திரும்பினாள். டு சீ ஹிஸ் ஒய்ஃப். சீ. சீ விழுந்தது. நெஞ்சில் ஒரு ஆணி கழன்றது. வெள்ளைக்காரி கம்ப்யூட்டரைப் படித்தாள், படித்துக்கொண்டே என்னவோ நீளமாகச் சொன்னாள், அதற்குள் செட்டில் என்று ஒன்று ஓடியது, பார்த்துவிட்டார், எலி ஓடுகிற மாதிரி ஓடியது. "போன தடவை நீங்க செட்டில் ஆகப் போறதா சொன்னீங்கன்னு இதுல இருக்கு ஐயா." "அது அப்படி இல்ல." "எப்படி?" "உடம்பு. அவ உடம்பு செட்டில் ஆனதும் வந்துடுவேன்னேன். வயித்துக்கு செட்டில் ஆகலன்னு சொல்வோமே, உங்க வீட்டுல சொல்ல மாட்டாங்களா?" "சொல்வாங்க" என்றாள் பெண், உதட்டோரம் லேசாக ஒதுங்கியது. அவள் நாலு வாக்கியத்தில் சொன்னதை வெள்ளைக்காரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஆ என்றாள். ஆ என்றால் என்ன, நம்பினேனா, சரிதான் போடாவா? எந்த மொழியிலும் ஆவுக்கு அர்த்தம் போட்டு வைக்கவில்லை. "இப்ப அவங்களை யார் பாத்துக்கறாங்க?" "மக." "அப்ப நீங்க போயி என்ன செய்வீங்க?" வந்துவிட்டது. தண்டவாளத்தில் ஆள் நிற்கிற மாதிரி நேரே வந்து நின்றது கேள்வி. பாத்துக்குவேன் என்று நாக்கு எழுந்தது, பல்லால் அடக்கினார். பார்ப்பேன் என்றால் பார்த்துவிட்டு என்ன என்பாள். சைட் சீயிங். காய்கறிக்கடை. ஞானமுத்துவின் பல். "ஐயா?" "பக்கத்துல உக்காந்திருப்பேன்." "உக்காந்து?" "உக்காந்துதான். வேறென்ன. அவளால பேச முடியாது. எனக்கும் பேச வராது." கொஞ்சம் கோபமாகவே வந்தது. ஹீ வில் சிட் வித் ஹர். சிட். இந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வெள்ளைக்காரி தட்டினாள். தட்டி முடித்து, இவரைப் பார்க்காமலே ஒரு சின்னக் கேள்வி கேட்டாள். "எப்ப திரும்பி வருவீங்க?"

இதற்குப் பதில் தயாராக இருந்தது. பொங்கலுக்கு வந்துடுவேன், இங்க வீடு இருக்கு, பென்ஷன் இருக்கு, இளவரசி மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள், மூன்று தடவையும் சரியாகச் சொன்னார். பொங்கலுக்கு என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தார். "அவ இருக்கிற வரைக்கும் இருப்பேன். அப்புறம் வந்துடுவேன்." யார் சொன்னது? அவர் குரல்தான். கண்ணாடியில் பட்டு அவர் காதுக்கே திரும்பி வந்தது. பெண் திரும்பி, ஆஸ் லாங் ஆஸ் ஷீ என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்த இடத்தில் நின்றாள். வெள்ளைக்காரி காத்திருந்தாள். பெண் மறுபடி இவர் பக்கம் திரும்பி, மைக்குக்குக் கிட்டே வந்து, குரலை இறக்கினாள். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க இருக்கிற வரைன்னா, அங்க தங்கியிருக்கிற வரையா? இல்ல, உயிரோட இருக்கிற வரையா? இங்கிலீஷ்ல ரெண்டும் வேற வேற. எதைச் சொல்லட்டும்?" அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். கெட்ட பெண் இல்லை. அவள் கண்ணுக்கு வேண்டியது ஒரு சொல், அவ்வளவுதான். தமிழில் ரெண்டும் ஒன்றாகவே இருந்தது, அதில் கால் நீட்டி வருஷக்கணக்காகப் படுத்திருந்தார், இப்போது இவள் நடுவில் சுவர் எழுப்பி எந்த அறை உங்களுடையது என்கிறாள். முதல் அறைதான் நல்லது. அங்கே தங்கியிருக்கிற வரை. தங்குவாள், தேறுவாள், ரெண்டு பேரும் ஒரே விமானத்தில் வருவோம், ஜன்னலோரம் அவளுக்கு. இளவரசி இதைத்தான் சொல்லச் சொன்னாள். விசிட் என்கிற சொல்லுக்குப் பொருந்துவதும் இதுதான். முதலாவது என்று விரலைக் காட்டினால் போதும். ரெண்டாவதைச் சொன்னால் சொன்னதாகிவிடும். இந்த வாய், அவளைத் தையலு என்று கூப்பிட்ட வாய், சொன்னதாகிவிடும். அதைக் கேட்டு ஒருத்தி இங்கிலீஷில் சொல்லி, இன்னொருத்தி தட்டி, கம்ப்யூட்டரில் ஏறி, உலகத்தில் ஓரிடத்தில் அது எழுதி இருக்கும். ஹலோ, சத்தம் கேக்கல என்று சொல்ல முடியுமா? டவர் இல்ல என்று? கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் எல்லாம் நன்றாகக் கேட்டது. முதலாவதைச் சொல்லிவிட்டுப் போய், அது நடக்கும்போது, பொய் சொல்லி வந்தேன் தையலு என்று அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். பொங்கலுக்குள்ளே முடியவில்லை என்றால்? பொங்கலுக்குள்ளே முடிய வேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார வேண்டுமா? சே, என்ன நினைப்பு இது. எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன் அடியில் அதே படுக்கை, அதே ஒருக்களித்த முதுகு. "ஐயா, அவங்க காத்திட்டிருக்காங்க." அவருக்கு எரிச்சல் வந்தது. காத்திருக்கட்டுமே, நான் காத்திருக்கவில்லையா?

"ரெண்டாவது."

பெண் உடனே திரும்பவில்லை. "உயிரோட இருக்கிற வரைக்கும்." அவள் நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டும், அது அவள் வேலை. "அதான் சொல்லிட்டேனே. எத்தனை வாட்டி சொல்லணும்?" என்றார். குரல் உடைந்துவிடுமோ என்று அதட்டிச் சொன்னார். அவள் மைக்கை விட்டு விலகி வெள்ளைக்காரியின் பக்கம் சாய்ந்தாள். இவ்வளவு நேரமும் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு இது ஒன்றும் கேட்கவில்லை. உதடு அசைந்தது. கூட்டிச் சொன்னாளா, குறைத்துச் சொன்னாளா, எந்தச் சொல்லை எடுத்தாள், தெரியவில்லை. காதைக் கண்ணாடியில் ஒட்டினார், அசிங்கம் என்று தெரிந்தும் ஒட்டினார். கண்ணாடி ஜில்லென்றது. வெள்ளைக்காரியின் கை தட்டுவதை நிறுத்தியது. அவள் நிமிர்ந்து முதல்முறையாக இவரைப் பார்த்தாள். சீயா, லுக்கா, தெரியவில்லை. பார்த்தாள். அப்புறம் என்னவோ ஒரு கோடு தட்டினாள், பாஸ்போர்ட்டை எடுத்து ஒரு பக்கமாக வைத்தாள், பெண்ணிடம் ரெண்டு வார்த்தை சொன்னாள்.

"நீங்க போகலாம் ஐயா."

அவர் நகரவில்லை. போகலாம். சரி. கடைக்காரன் மிச்சச் சில்லறை இல்லை என்று சொல்லும்போதும் போகலாம், கோர்ட்டில் விடுதலை என்னும்போதும் போகலாம். இவர் தெருவுக்குப் போகலாமா, அவள் கட்டிலுக்குப் போகலாமா?

"எந்தப் போகலாம்மா?" என்றார்.

பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டும்தான் ஐயா" என்றாள். "பாஸ்போர்ட்டை விசா போட்டு அனுப்புவாங்க. சீக்கிரமா கிளம்பிடுங்க."

சீக்கிரமா. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பின்னால் நின்றவர் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார், சார் என்றார், இன்னொரு தடவை சார் என்றார். கலியபெருமாள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.